தோல் சீட்டில் விழுந்த சுருக்கங்கள்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்தபோது நான் கல்யாணமாகிப் பூந்தமல்லிக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. வெள்ளைக்காரன் ஆட்சி. யுத்தம் இன்னும் தொடங்கவில்லை, பெட்ரோலுக்கு ரேஷனும் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஐயப்பன்தாங்கல் பக்கம் செங்கல் சூளை. பட்டணத்தில் புதுப்புது பங்களாவாக எழும்பிக்கொண்டிருந்ததால் கல்லுக்கு நல்ல கிராக்கி. ஒருநாள் காலையில் மவுண்ட் ரோட்டுக்குப் பஸ்ஸில் போனவர், மத்தியானம் புதுக் காரில் வந்து வாசலில் நிறுத்தி ஹாரனை அமுக்கினார். அதற்கு முன்னால் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சூளைக்கு லாரி கொண்டுவரும் டிரைவரிடம் அவர் ஓட்டக் கற்றுக்கொண்டது தெரியும். கார் வாங்குவதற்காகத்தான் கற்றார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

திறந்த கார். மேலே கித்தான் கூரை, வேண்டும்போது விரித்துக்கொள்ளலாம், வேண்டாதபோது பின்னால் மடித்து வைக்கலாம். உடம்பெல்லாம் கறுப்பு. ஆனால் தெருவே கூடி நின்று பார்த்தது சீட்டைத்தான். புளியங்கொட்டை நிறத்தில் தோல் சீட். ஒரு மடிப்பு, ஒரு கோடு இல்லை. கையை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வரும், புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி. பக்கத்து வீட்டம்மாள் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "இது இன்னா தோலு? மாட்டுத் தோலா?" என்று கேட்டாள்.

"சீமைத் தோலு" என்றார் இவர்.

சீமையில் மாடே கிடையாது என்பதுபோல அந்தம்மாளும் தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரருக்குத் தங்கை. அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் எங்கள் சூளையிலேயே மேஸ்திரி. ஆண்கள் இரண்டு பேரும் விடிந்ததும் சாப்பாட்டுத் தூக்கோடு சைக்கிளில் சூளைக்குப் போய்விடுவார்கள். காரை அங்கே கொண்டுபோகமாட்டார். செம்மண் தூசி சீட்டில் படியுமாம். மாமனார் மாமியார் இரண்டு பேரும் நான் வருமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குக் குழந்தைகள் அப்புறம்தான் பிறந்தன. ஆகையால் பகல் முழுக்க வீட்டில் நானும், மாட்டுக்கொட்டாயைக் காலி செய்து நிறுத்தியிருந்த காரும்தான். சமையலை முடித்துக்கொண்டு நாத்தனார் வந்துவிடுவாள். நல்ல உயரம், அதற்கேற்ற பருமன், அவள் சிரித்தால் ரெண்டு வீடு தள்ளிக் கேட்கும். நானோ அவள் தோளுக்குக்கூட வரமாட்டேன்.

காரில் ஏறுவதற்கு இவர் சட்டம் வைத்திருந்தார். முதலில் காலைத் தட்டவேண்டும். பெண்கள் இடுப்பில் செருகிய சாவிக்கொத்தை எடுத்துவிடவேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் பின்னால் சாயக்கூடாது. பூ வைத்திருந்தாலும் சாயக்கூடாது, கசங்கிச் சாறு இறங்கும். தங்கையைப் பார்த்து, "நீ நடுவுல உக்காரு, ஓரத்துல உக்காந்தா தையல் பிரியும்" என்று தனியாக ஒரு சட்டம்.

"அண்ணாத்தே, இது சீட்டா, சாமி பீடமா? ஒரு மணையைப் போடு, நான் கீழயே உக்காந்துகினு வரேன்" என்பாள் அவள்.

அந்தச் சட்டங்களுக்கெல்லாம் நாங்கள் கட்டுப்பட்டுத்தான் இருந்தோம், அந்தக் கோடைமழை வரும்வரை.

சித்திரை மாசம் ஒரு மத்தியானம். தோலுக்குக் காற்று படவேண்டும் என்று அன்று காலையில் இவர் காரைக் கொட்டாயிலிருந்து வெளியே எடுத்து, கித்தானை மடித்துவிட்டு, வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். சாப்பிட்டுவிட்டு நானும் நாத்தனாரும் தாயம் ஆடிக்கொண்டிருந்தோம். திடீரென்று மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. புழுதி சுழன்றது. முதல் தூறல் விழுந்ததுமே இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது.

"அய்யய்யோ, சீட்டு!"

ஓடினோம். கித்தானை இழுத்துப் பார்த்தோம், அது எந்தப் பக்கம் மடங்கி எந்தப் பக்கம் விரிகிறது என்றே புரியவில்லை. சூளையில் இன்னும் சுடாத பச்சைக்கல் நனையாமல் ஓலை மூட அத்தனை ஆட்களும் ஓடிக்கொண்டிருப்பார்கள், இவர் வரப்போவதில்லை.

"அண்ணி, நீ ஏறி அந்தச் சக்கரத்தைப் புடி. நான் பின்னால தள்றேன்" என்றாள் நாத்தனார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் தள்ளினாள். கார் அசையவில்லை. மறுபடி தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வேரோடியதுபோல் நின்றது. இவர் கியரில் போட்டு நிறுத்திவிட்டுப் போயிருந்தது எங்களுக்குத் தெரியாது. மழை வலுத்துக்கொண்டிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, இறங்கி உள்ளே ஓடி, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் இவர் மாட்டிவைத்திருந்த சாவியை எடுத்துவந்து செருகித் திருப்பினேன். காலடியில் ஒரு பொத்தான். அதை மிதித்தால் வண்டி உறுமும் என்று பார்த்திருக்கிறேன். மிதித்தேன். கார் கன்றுக்குட்டி மாதிரி முன்னால் ஒரு துள்ளு துள்ளி நின்றது. பின்னால் முட்டுக்கொடுத்திருந்த நாத்தனார் சேற்றில் குப்புற விழுந்தாள்.

"செத்தேன்!" என்று கத்தினாள். பிறகு உடனே, "நவுருது அண்ணி! வுடாதே, மிதி!" என்றாள்.

மிதித்தேன். துள்ளியது. மறுபடி மிதித்தேன். மறுபடி துள்ளியது. கையால் சக்கரத்தைத் திருப்பிக் கொட்டாயைப் பார்க்க வைத்துக்கொண்டு, மிதித்து மிதித்து, துள்ளித் துள்ளி உள்ளே போய், மூலையில் மிச்சம் கிடந்த வைக்கோல் குவியலில் மோதி நின்றேன். சக்கரத்தை விட மனசே வரவில்லை. பயத்தால் இல்லை. நான் மிதித்ததற்கு அவ்வளவு பெரிய ஒரு சாமான் கட்டுப்பட்டு நகர்ந்ததே, அந்தச் சந்தோஷம்.

சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்தவர், வீட்டுக்குள்கூட வராமல் நேரே கொட்டாய்க்கு ஓடினார். சீட்டைத் தடவிப் பார்த்தார். நாங்கள் துடைத்த துடைப்பில் உலர்ந்திருந்தது.

"யாரு உள்ள நிறுத்துனது?"

"நாங்கதான். நான் தள்ளுனேன், அண்ணி சக்கரம் புடிச்சாங்க" என்றாள் நாத்தனார். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மறுநாள் இரண்டு பேருக்கும் அல்வா வந்தது.

அல்வாவைத் தின்றுகொண்டே நாத்தனார் கேட்டாள்: "அண்ணி, அது துள்ளாம போறதுக்கு இன்னா பண்ணணும்?"

எனக்கு அது தெரிந்திருந்தது. எப்படியென்றால், இவருக்கு ஓட்டும்போது வாய் சும்மா இருக்காது. "இப்ப கிளச்ச மிதிக்கிறேன் பார். இப்ப கியரு. இப்ப காலை மெதுவா எடுக்கணும், பச்சைக் குழந்தையைத் தொட்டில்ல போடற மாதிரி" என்று எனக்குச் சொல்லிக்கொண்டேதான் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டு வருவேன். ஒன்றும் புரியாத மாதிரி "ஓகோ" என்பேன்.

மறுநாள் பகலில் கொட்டாய்க்கும் வேப்ப மரத்துக்கும் நடுவில் முன்னே ஓட்டிப் பின்னே எடுத்துப் பழகினேன். எனக்கு இருந்த ஒரே கஷ்டம் கால் எட்டாததுதான். சாய்ந்து உட்கார்ந்தால் கிளச்சு பாதி தூரத்தில் நின்றுவிடும். ஆகையால் சீட்டின் நுனிக்கு வந்து, விளிம்பில் தொற்றிக்கொண்டு, சக்கரத்தை மார்போடு அணைத்த மாதிரி உட்கார்ந்துதான் ஓட்டினேன். சில நாட்களில் வேலிப் படலைத் திறந்து வெளியே வந்தோம். எங்கள் வீடு ஊர்க் கோடி. பின்பக்க வழியாகப் போனால் ஆவடி ரோடு வந்துவிடும். மத்தியான வெயிலில் அங்கே ஈ காக்கை இருக்காது. நாத்தனார் எனக்கு இடது பக்கத்தில், ஓரமாக, கதவில் சாய்ந்து உட்கார்ந்து, "வண்டி வருது... மாடு வருது... ஒண்ணும் வரல, வேகமா போ!" என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

பெட்ரோல் டாங்கில் குச்சியை விட்டு அளந்து பார்த்து இவர் ஒருநாள் முகம் சுளித்தார். அப்புறம் அவரே, "புது வண்டி இல்ல? ஆரம்பத்துல கொஞ்சம் ஜாஸ்திதான் குடிக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

என் அம்மா வீடு மேனாம்பேட்டில். மாட்டுவண்டி கட்டினால் அரை நாள் போய்விடும். கூட்டிக்கொண்டு போக ஆளும் வேண்டும், ஒழிந்த நாளும் வேண்டும். ஆகையால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் அம்மாவைப் பார்ப்பேன். ஒருநாள் பருத்திப்பட்டு வரைக்கும் வந்துவிட்டோம். கூவத்தில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன். திரும்பவேண்டிய இடம்.

"அண்ணி, இப்படியே போனா ஆவடி. அப்பால அம்பத்தூர். அப்பால?" என்று கேட்டாள் நாத்தனார்.

கியரைப் போட்டேன்.

மேனாம்பேட்டில் அம்மா களத்தில் மிளகாய் துழாவிக்கொண்டிருந்தாள். கார் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள், நான் இறங்கியதும் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை எங்கடி?"

"வரல."

"அப்போ டிரைவரு?"

"டிரைவர்தாம்மா உன் எதுர்ல கீறாங்க" என்றாள் நாத்தனார்.

அம்மா என்னைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். மிளகாய்க் கையை வாயில் வைத்துக்கொண்டு, நெடியில் தும்மித் தீர்த்தாள். தும்மல் நின்றதும், "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து சீட்டைத் தடவிப் பார்த்தாள். "என்னா வழவழப்பு! ஊரை ஒரு சுத்து சுத்திக் காட்டிட்டுப் போடி" என்றாள்.

குளத்தைச் சுற்றி ஓட்டிக் காட்டினேன். அம்மா பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம், "என் பொண்ணு, என் பொண்ணு" என்று என்னைக் காட்டிக்கொண்டே வந்தாள். வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் சீட்டில் ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் துடைத்துவிட்டோம். அந்தக் கோடையில் அப்புறம் அடிக்கடி மேனாம்பேடு போனோம். அம்மா கையால் சாப்பிட்டு எனக்குக் கன்னம் உப்பியது. சூளைக்காரர் வீட்டுச் சாப்பாடு என்று இவர் பெருமைப்பட்டார்.

தூசியைத் துடைக்கலாம். சுருக்கத்தை என்ன செய்ய முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டாயிலிருந்து இவர் போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன. ஓடிப் போய்ப் பார்த்தேன். டிரைவர் சீட்டின் முன்விளிம்பருகே மண்டியிட்டு முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நுனியில் மெல்லிய வரிகள், பாலாடை சுருங்குமே அந்த மாதிரி. இடது பக்கத்துச் சீட்டில் கதவோரமாக ஒரு பள்ளம், அதைச் சுற்றி ஆழமான மடிப்புகள்.

"ஒரு வருஷம்கூட ஆவல. கிழவன் கழுத்து மாதிரி ஆயிடுச்சே!" என்றார்.

நாத்தனாருக்குச் சொல்லியனுப்பினேன். அவள் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா அண்ணாத்தே, சுருங்கித்தான் கீது. வெயிலு" என்றாள்.

"கொட்டாய்க்குள்ள ஏது வெயிலு?"

"அப்போ நெழலு."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சீட் கவலைதான். குதிரைவண்டிக்குச் சேணம் தைக்கிற ஒருவர், விளக்கெண்ணெய் தடவினால் தோல் இளகிச் சுருக்கம் போகும் என்று சொல்லியிருக்கிறார். துடைத்துவிட வேண்டும் என்றும் சொன்னாராம். ஆனால் இவர் ஆசை பெரிது. எண்ணெயை ஊற்றி ஊற்றித் தேய்த்தார். தோல் குடித்தது போக மிச்சம் மேலேயே நின்றது.

அந்த வாரம் குமணன்சாவடியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் காரைக் கேட்டிருந்தார்கள். மாலை போட்டு ஜோடித்து, நாயனக்காரர்கள் முன்னால் நடக்க, மாப்பிள்ளை பின்சீட்டில் நடுநாயகமாக உட்கார்ந்து ஊர்வலம் வந்தார். பந்தல் வாசலில் இறங்கித் திரும்பி எல்லாருக்கும் கும்பிடு போட்டார். பட்டு வேஷ்டியின் பின்புறத்தில் இரண்டு பக்கமும் பூசணிக்காய் அளவுக்கு எண்ணெய்க் கறை. நாயனக்காரருக்குச் சிரிப்பு வந்து சீவாளியிலிருந்து காற்றுத்தான் வந்தது. பெண் வீட்டார் வேறு வேஷ்டி கொண்டுவரும் வரைக்கும் மாப்பிள்ளை சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டே எல்லாரிடமும் பேசினார். இவர் என்ன ஆனார் என்று தேடினேன். பந்தியில் கடைசி இலையில் தலையைக் குனிந்துகொண்டு பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அந்த மாப்பிள்ளை நல்ல மனுஷர். கடைசிவரை எங்களைப் பார்க்கும்போதெல்லாம் வேஷ்டியின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார்.

எண்ணெய் போயிற்று, சுருக்கம் போகவில்லை. கம்பெனியில் போய் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். "மட்டமான தோலைப் போட்டு ஏமாத்திட்டான். வேற சீட்டு மாத்திக் குடுக்கணும்." பட்டணத்துக்குப் போகிறோமே, சேலை துணி பார்க்கலாம் என்று எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க நாத்தனார் பின்சீட்டில் இருந்து என் முதுகை விரலால் குத்திக்கொண்டே வந்தாள். எனக்குச் சேலை துணி ஞாபகமே இல்லை.

கார் கம்பெனியில் ஒரு நடுவயசு குமாஸ்தா வந்தார். இவர் கதவைத் திறந்து காட்டினார். குமாஸ்தா பார்த்துவிட்டு, "தோல்னா சுருங்கத்தான் சார் செய்யும். மனுஷன் உட்கார்ற சாமான்தானே" என்றார்.

"உட்கார்றவன் நான் ஒருத்தன். நான் சாஞ்சுதான் உக்காருவேன். நுனியில எப்படிச் சுருங்கும்? தோல்லதான் கோளாறு."

குமாஸ்தா வாயைத் திறப்பதற்குள் இவர் அந்தப் பக்கம் திரும்பினார். பழுது பார்க்க வந்த இன்னொரு கார் அங்கே நின்றது. எங்கள் காரேதான், நிறம் மட்டும் பச்சை. நாலு எட்டில் அதனிடம் போய் உள்ளே எட்டிப் பார்த்தவர், வெற்றிக் குரல் கொடுத்தார்.

"வந்து பாருய்யா! இதுலயும் அதே நுனி! அதே வரி! இதுக்கு இன்னா சொல்றே? உங்க தோலே இப்படித்தான்!"

நானும் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். டிரைவர் சீட்டின் விளிம்பில் அச்செடுத்த மாதிரி அதே பாலாடைச் சுருக்கம்.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு வெள்ளைக்காரத் துரைசானி. என் உயரம்தான் இருப்பாள். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வழிவிடச் சொல்லிக் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறினாள். முதலில் சாய்ந்து உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. சர்ரென்று நுனிக்கு வழுக்கிக்கொண்டு வந்தாள். விளிம்பில் தொற்றிக்கொண்டு, சக்கரத்தை மார்போடு அணைத்தாள். கிளச்சை மிதித்தாள். தோல் அவளுக்கு அடியில் அந்த வரிகளிலேயே அழகாக மடங்கியது. கையை ஆட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இவர் அந்தக் கார் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார், அளவெடுக்கிற மாதிரி. அடுத்தபடி தங்கையைப் பார்த்தார். அவள் அகலத்தையும், எங்கள் காரின் இடது சீட்டில் கதவோரம் இருந்த பள்ளத்தையும் பார்த்தார்.

நாத்தனார் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அப்படியும் அடக்க முடியவில்லை. மவுண்ட் ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"வரோம்" என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு இவர் வண்டியை எடுத்தார். ஓட்டும்போது வாய் மூடாத மனுஷன், கிளச்சு, கியர் என்று ஒரு வார்த்தை இல்லாமல் அமிஞ்சிக்கரை தாண்டிவிட்டார். கோயம்பேட்டில் அப்போது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயல். ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். இறங்கினார். சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"தள்ளி உக்காரு."

"இன்னாங்க..."

"தள்ளி உக்காரு. நானும் பாக்கணும் இல்ல?"

நான் நகர்ந்தேன். நுனிக்கு வந்தேன். சாவியைத் திருப்பினேன். கிளச்சை மிதித்து முதல் கியரைப் போட்டேன். மெதுவாக விட்டேன். ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டி நகர்ந்தது. ரோடு முன்னால் நீண்டு கிடந்தது.

"கியரு" என்றார்.

போட்டேன்.

"ஹாரன். ஹாரன் அடி. வைக்கோல் வண்டி."

அடித்துக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். மாடுகள் மட்டும் ஒதுங்கின. ஒட்டினாற்போல் கடந்தேன். இவர் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மதுரவாயல் வந்தபோது பிடி தளர்ந்தது. வேலப்பன்சாவடி வந்தபோது சாய்ந்து உட்கார்ந்தார்.

"எங்கெங்க போயிருக்கே?" என்றார்.

"மேனாம்பேடு."

"மேனாம்பேடா! எத்தினி தபா?"

"எண்ணல."

அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அத்தை நல்லா கீறாங்களா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

குமணன்சாவடிக் கூட்ரோட்டில் காபி கிளப் வாசலில் எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். எங்களைப் பார்த்து ஒருத்தர் டம்ளரோடு எழுந்துவிட்டார்.

"நைனா! பொம்பளை ஓட்டிகினு வருது பாரு!"

"அது நம்ம சூளைக்காரரு ஊட்டம்மா இல்ல?"

நான் வண்டியை மெதுவாக்கினேன். இவர் என்ன செய்வாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"நான்தான் கத்துக் குடுத்தேன்!" என்று உரக்கச் சொன்னார்.

பின்சீட்டிலிருந்து நாத்தனார், "ஆமா, அவருதான்! கொயந்தையைத் தொட்டில்ல போடற மாதிரி!" என்று கத்தினாள். அதிலும் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அடுத்த வாரம் இலவம்பஞ்சு அடைத்த ஒரு கெட்டித் தலையணை தைத்து வாங்கிவந்தார். முதுகுக்கு வைத்துக்கொண்டால் நுனியில் தொற்றவேண்டியதில்லை. "சீட்டு கெடக்கூடாதுன்னுதான்" என்றார். தலையணை என் முதுகின் அளவுக்கு ரொம்பச் சரியாக இருந்தது. லைசென்ஸுக்குப் பட்டணத்தில் ஆங்கிலோ இந்தியரான ஒரு சட்டைக்கார போலீஸ் சார்ஜெண்ட் என் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை வைத்தார். எக்மூர் பக்கம் ஒரு டிராம் வண்டியை நான் முந்தியபோது தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். போதும் போதும் என்று அங்கேயே பாஸ் போட்டுவிட்டார். நானே ஓட்டி இவரைக் கூட்டிக்கொண்டு மேனாம்பேட்டுக்குப் போனபோது, அம்மா அவருக்கு முன்னால் என்னை முதன்முதலாக அந்தக் கோலத்தில் பார்க்கிற மாதிரி அப்படி ஒரு ஆச்சரியம் காட்டினாள். நாடகக்காரியே தோற்றுப்போவாள்.

சீட்டில் அப்புறம் சுருக்கங்கள் ஏறிக்கொண்டேதான் போயின. முன்சீட், பின்சீட், கை வைக்கிற இடம், கதவோரம் எல்லாவற்றிலும். தெருவில் யாருக்குப் பேறுகாலம் என்றாலும், காது குத்தல் என்றாலும், பாம்புக்கடி என்றாலும் நான்தான் டிரைவர். காலைத் தட்டு, சாவியை எடு என்கிற சட்டங்களை யாரும் ரத்து செய்யவில்லை. யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் இல்லை.

தை மாசம் கரும்பு வெட்டி முடிந்த சமயம். ஒருநாள் சாயங்காலம் நாத்தனார் வந்தாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொட்டாயில் நின்றாள்.

"அண்ணி, நீ கத்துக்கினே. இப்போ என் முறை."

இவர் எழுந்து வந்துவிட்டார். "வேணாம். சீட்டு தாங்காது. டிரைவர் பக்கமாவது மிஞ்சட்டும்."

"அண்ணிக்குக் கத்துக் குடுத்தது நீதானே அண்ணாத்தே? குமணன்சாவடிக்கே சொன்னியே! எனக்கும் குடு."

ஊரறியச் சொன்ன வார்த்தையை விழுங்க முடியுமா? இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறினேன். அவள் புருஷன் தைரியம் இல்லாமல் வேப்ப மரத்தை ஒட்டி நின்றார். அவளுக்குக் கால் எட்டாத குறை கிடையாது. முழங்கால்தான் சக்கரத்தில் இடித்தது. சாவியைத் திருப்பினாள், கிளச்சை மிதித்தாள், கியரைப் போட்டாள்.

"இப்ப மெதுவா காலை எடு. பச்சைக் குழந்தையை..." என்று இவர் ஆரம்பித்தார்.

அவள் காலை எடுத்துவிட்டாள்.

வேப்ப மரத்தைத் தாண்டினோம், படலைத் தாண்டினோம், படல் எங்களோடேயே வந்தது. பக்கத்து வீட்டம்மாளின் கனகாம்பரப் பாத்திக்கு நடுவில் போய் வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்து வீட்டம்மாள் கையில் பூக்கூடையோடு, பறித்த பாதியும் பறிக்காத பாதியுமாக நின்றுகொண்டிருந்தாள். நாத்தனார் அவளைப் பார்த்து, மூச்சு வாங்க, முகமெல்லாம் பல்லாக, "அத்தே, ஏறு! கோயிலுக்குத்தானே? நான் இட்டுகினு போறேன்!" என்றாள்.